சுத்தியல் விழுந்த பிறகு பணம் யாருக்குப் போகிறது?

2019 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் ஜெஃப் கூன்ஸின் ‘முயல்’ 9 கோடியே 10 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. கண்ணாடிபோல் பளபளக்கும் எஃகுச் சிற்பம். உயரம் மூன்றரை அடிகூட இல்லை. அதற்கு முன் உயிரோடிருக்கும் எந்தக் கலைஞரின் படைப்பும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. செய்தியைப் படித்த பலரும், கூன்ஸ் ஒரே இரவில் ஒன்பது கோடி டாலர் சம்பாதித்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். கடைசிக் கேட்பை உறுதிசெய்யும் சுத்தியல் விழுந்தது 8 கோடி டாலரில். மேலே உள்ள 1 கோடியே 10 லட்சத்து 75 ஆயிரம் டாலர், வாங்குபவர் ஏலக்கூடத்துக்குக் கட்டும் கட்டணம். அன்றைய விகிதப்படி முதல் 3 லட்சம் டாலருக்கு 25 சதவீதம், அங்கிருந்து 40 லட்சம் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 13.5 சதவீதம். போட்டுப் பார்த்தால் கடைசி டாலர் வரை சரியாக வரும். சுத்தியல் விலை, சிற்பத்தை வைத்திருந்த பத்திரிகை அதிபர் எஸ். ஐ. நியூஹவுஸின் தரப்புக்குச் சேர வேண்டியது. கூன்ஸுக்குச் சட்டப்படி அதில் ஒரு டாலர்கூட இல்லை. 1986ல் அந்தச் சிற்பம் கேலரியில் 40 ஆயிரம் டாலருக்குப் போனதாகச் சொல்கிறார்கள். கேலரிக்கும் கலைஞருக்கும் வழக்கமான பாதிக்குப் பாதி என்றால், அவர் கைக்கு வந்தது 20 ஆயிரம். உற்பத்திச் செலவையும் அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியின் நீச்சல் குள ஓவியத்துக்கும் இதே கதைதான். 1972ல் 18 ஆயிரம் டாலருக்கு விற்றது. 2018 நவம்பரில் அதே கிறிஸ்டீஸில் 9 கோடியே 3 லட்சம் டாலர். நடுவில் உள்ள ஒன்பது கோடியும் கைமாறிய உரிமையாளர்களுடையது.

அப்படியென்றால் கூன்ஸும் ஹாக்னியும் பிரிட்டனின் டேமியன் ஹர்ஸ்டும் ஜப்பானின் தகாஷி முரகாமியும் எப்படிச் செல்வந்தர்கள் ஆனார்கள்? ஏல விலைப் பட்டியலை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதல் விற்பனையில் தங்கள் பங்கை இறுக்கிப் பிடித்தது, எவ்வளவு படைப்பு சந்தைக்குப் போகிறது என்பதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டது, விற்காமல் சிலவற்றை எடுத்து வைத்தது, பதிப்புரிமையை விட்டுக்கொடுக்காதது. பணம் இந்த இடங்களிலிருந்துதான் வந்தது. ஏல விலை இவற்றை மறைமுகமாக உயர்த்தும். ‘முயல்’ ஒன்பது கோடிக்குப் போன மறுவாரம் கூன்ஸின் புதுச் சிற்பத்துக்கு கேலரி சொல்லும் விலைக்கு ஒரு தைரியம் வந்திருக்கும். ஆனால் அந்தத் தைரியத்தைக் காசாக்குவதற்கு விற்கப் புதுச் சரக்கு வேண்டும், அதைச் செய்ய முதலீடு வேண்டும், நல்ல ஒப்பந்தமும் வேண்டும்.

மறுவிற்பனையில் கலைஞனுக்கும் பங்கு வேண்டும் என்ற சண்டை பழையது. 1973 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் என்ற டாக்ஸி நிறுவன முதலாளி, தான் சேர்த்த 50 படைப்புகளை ஏலம் விட்டார். ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் செய்த, 1958ல் 900 டாலருக்கு வாங்கிய ‘தா’ (Thaw, ‘உருகல்’) என்ற படைப்பு 85 ஆயிரத்துக்குப் போனது. ஏலம் முடிந்ததும் ராஷன்பர்க் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளி, ‘உனக்கு லாபம் சேர்க்கவா நான் இத்தனை பாடுபட்டேன்’ என்ற பொருளில் சத்தம் போட்டது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கோபத்தின் அலையில்தான் கலிஃபோர்னியா 1976ல் 5 சதவீத மறுவிற்பனைப் பங்குச் சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றங்கள் அதைப் படிப்படியாகக் கழற்றிவிட்டன. 2018ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு அது பெயரளவில்தான் இருக்கிறது. கூன்ஸுக்கு ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்: அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டாட்சிச் சட்டமே இல்லை.

பிரான்சில் 1920லிருந்தே இந்த உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2001ல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. பிரிட்டனில் 2006ல் வாழும் கலைஞர்களுக்கு நடைமுறைக்கு வந்து, 2012ல் வாரிசுகளுக்கும் நீண்டது. ஒன்றிய விகிதம் இப்படி: முதல் 50 ஆயிரம் யூரோவுக்கு 4 சதவீதம், 2 லட்சம் வரை 3, மூன்றரை லட்சம் வரை 1, 5 லட்சம் வரை அரை சதவீதம், அதற்கு மேல் கால் சதவீதம். உச்சவரம்பு 12,500 யூரோ. விலை 20 லட்சம் யூரோவைத் தொட்டதும் இந்த வரம்பு நிரம்பிவிடும். ஒரு கோடி யூரோவுக்குப் போன ஓவியத்திலும் ஓவியருக்கு அதே 12,500தான். சதவீதத்தில் சொன்னால் 0.125. ஆகவே இந்தச் சட்டம் நட்சத்திரங்களை வாழவைப்பதற்கானதல்ல. 10 ஆயிரத்துக்கும் 50 ஆயிரத்துக்கும் நடுவே கைமாறும் ஓவியங்களைச் செய்தவருக்கு வருடத்தில் சில முறை 400, 1,500, 2,000 என்று வரும் காசோலை அது. அந்த அளவில் இது அருமையான சட்டம். ஒரு ஓவியரின் பல மாத வாடகையை அது கட்டும்.

இனி கேலரிக்கு வருவோம். பெரும்பாலான கலைஞர்களின் வரவு செலவு முழுக்க அங்கேதான் தீர்மானமாகிறது.

படைப்பை கேலரி வாங்குவதில்லை. கன்சைன்மென்டில், அதாவது விற்றுத் தரும் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. விற்கும்வரை சொத்து கலைஞருடையது. விற்றால் பாதிக்குப் பாதி. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ‘எதில் பாதி’ என்ற கேள்வியில்தான் பணம் கரையும்.

ஒரு கற்பனைக் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். 12 ஓவியங்கள், ஒவ்வொன்றும் 20 ஆயிரம் டாலர். ஒன்பது விற்றால் நல்ல கண்காட்சி என்றே எல்லோரும் சொல்வார்கள். பட்டியல் விலையில் 1,80,000. ஆனால் பட்டியல் விலையைக் கொடுப்பவர் அபூர்வம். வழக்கமான வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் தள்ளுபடி, அருங்காட்சியகம் என்றால் 20. சராசரியாகப் பத்து என்று வைத்தால் 1,62,000. கலைஞரின் பங்கு 81 ஆயிரம். இந்தப் பன்னிரண்டையும் வரைய ஒன்றரை வருடம் ஆனது என்றால், ஸ்டூடியோ வாடகை மாதம் 1,500 வீதம் 27 ஆயிரம். கேன்வாஸ், மரச்சட்டம், வண்ணம் ஒரு ஓவியத்துக்கு 600 வீதம் 7,200. பேக்கிங், அனுப்பும் செலவு, புகைப்படம் எடுப்பதில் கலைஞர் தலையில் விழும் பங்கு 6 ஆயிரம். மிஞ்சுவது 40,800. பதினெட்டு மாதத்தில் வகுத்தால் மாதம் 2,270க்கும் குறைவு, அதுவும் வரிக்கு முன்னால். உதவியாளர் ஒருவரைக்கூட இதில் சேர்க்கவில்லை. ‘ஓவியம் 20 ஆயிரம் டாலருக்குப் போகிறதாம்’ என்று ஊர் பேசும் கலைஞரின் நிலை இதுதான்.

தள்ளுபடியை யார் சுமப்பது என்று எழுதி வைக்காவிட்டால் இன்னும் மோசம். 20 ஆயிரம் ஓவியத்தை கேலரி 20 சதவீதம் குறைத்து 16 ஆயிரத்துக்குக் கொடுத்தால் ஆளுக்கு 8 ஆயிரம். ‘பத்து சதவீதம் வரை இருவரும் பகிர்வோம், அதற்கு மேல் கேலரியின் பொறுப்பு’ என்று ஒரு வரி இருந்திருந்தால் கலைஞருக்கு 9 ஆயிரம், கேலரிக்கு 7 ஆயிரம். ஒரே ஒரு வரி, ஓவியத்துக்கு ஆயிரம் டாலர்.

சிற்பத்தில் இந்த வித்தியாசம் பயங்கரமாகப் பெருகும். விலை ஒரு லட்சம், வார்ப்படச் செலவு 40 ஆயிரம் என்று வைப்போம். செலவை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பங்கு போட்டால் ஆளுக்கு 30 ஆயிரம். விலையைப் பாதியாக்கிவிட்டு, செலவு கலைஞருடையது என்று விட்டால் கேலரிக்கு 50 ஆயிரம், சிற்பிக்கு 10 ஆயிரம். எத்தனையோ சிற்பிகள் இந்த இரண்டாவது கணக்கில் வருடக்கணக்காக வேலை செய்கிறார்கள். கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. உற்பத்திச் செலவை முதலில் கழிப்பது பல நல்ல கேலரிகளில் வழக்கம்தான்.

பணம் வரும் நாள் அடுத்த பிரச்சினை. வாங்குபவர் தவணையில் கட்டுவார். கேலரி, பணம் முழுதாக வந்த 30 நாளில் கலைஞருக்குத் தர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நடப்பில் அந்தப் பணத்தை வைத்துத்தான் அடுத்த கலைச் சந்தையின் அரங்க வாடகையைக் கட்டுகிற கேலரிகள் உண்டு. கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கும். கையிருப்பு காய்ந்த சிறு கேலரிக்கு முதலில் கண்ணில் படும் கடன், சத்தம் போடாத கலைஞரின் பங்குதான். கெட்ட எண்ணமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் சலாண்டர்-ஓ'ரைலி கேலரி சாட்சி. 2007ல் அது கவிழ்ந்தபோது, ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸின் மகன் நம்பிக் கொடுத்திருந்த ஓவியங்களில் பெரும்பகுதி அவருக்குத் தெரியாமலே விற்கப்பட்டிருந்தது. உரிமையாளர் 2010ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். விற்ற பணத்தில் கலைஞரின் பங்கு, கலைஞருக்காகக் கேலரி நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து, கேலரியின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது என்று நியூயார்க் சட்டம் சொல்கிறது. ஆனால் எந்தப் படைப்பு யாருடையது என்று காட்டும் கையெழுத்திட்ட சீட்டு இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அதை நிரூபிப்பது மிகவும் கடினம்.

ஆகவே ஒவ்வொரு படைப்பும் ஸ்டூடியோவை விட்டு வெளியே போகும்போது ஒரு சீட்டு போக வேண்டும். பதிவெண், புகைப்படம், அளவு, ஊடகம், வருடம், பட்டியல் விலை, கலைஞரின் பங்கு, தள்ளுபடி வரம்பு, காப்பீடு யாருடையது, எவ்வளவு தொகைக்கு, திருப்பித் தர வேண்டிய தேதி. கடைசியாகச் சொன்ன தேதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். தேதி இல்லாத சீட்டில் போன ஓவியம் கேலரியின் கிடங்கில் பத்து வருடம் கிடக்கும். வாங்கியவரின் பெயர் கலைஞருக்குத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் முக்கியம். பின்னாளில் பெரிய அருங்காட்சியகக் கண்காட்சிக்கு அந்த ஓவியத்தை இரவல் கேட்க வேண்டி வரும்போது, அது எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் நிற்பது மிகப் பெரிய இழப்பு.

விலை வைப்பதற்கு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நெடுங்காலமாக ஒரு வாய்ப்பாடு உண்டு. உயரத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, கலைஞருக்கென்று உள்ள ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 10 என்றால், 40க்கு 50 ஓவியம் 900 யூரோ. 100க்கு 120 ஓவியம் 2,200 யூரோ. பரப்பளவை வைத்துப் பெருக்கினால் பெரிய ஓவியம் சின்னதைவிட ஆறு மடங்கு விலையாகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். கூட்டிப் பெருக்குவதால் இரண்டரை மடங்குக்குள் நிற்கிறது. எந்த ஓவியம் கலைஞருக்குப் பிடித்தது, எதற்கு அதிகம் உழைத்தார் என்பதெல்லாம் இதில் வராது. அதுதான் இதன் பலம். ஒரே அளவு ஓவியத்துக்கு இரண்டு கேலரியில் இரண்டு விலை சொன்னால் வாங்குபவரின் நம்பிக்கை போய்விடும்.

கண்காட்சி முழுதும் விற்றுத் தீர்ந்தால் அந்த எண்ணை 10 அல்லது 20 சதவீதம் உயர்த்தலாம். இரட்டிப்பாக்கக் கூடாது. காரணம், கேலரி விலையை உயர்த்த முடியுமே தவிர இறக்க முடியாது. இறக்கினால், போன வருடம் வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாந்ததாக உணர்வார்கள். ‘இவர் இறங்குமுகம்’ என்ற பேச்சும் கிளம்பிவிடும். ஏலக்கூடம் எந்த விலையையும் இப்படிக் கட்டிக் காப்பதில்லை. அங்கே யார் கை தூக்கினாலும் அதுதான் விலை, யாரும் தூக்காவிட்டாலும் அது பதிவாகும். இளம் கலைஞர்களுக்கு ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது.

கானாவைச் சேர்ந்த அமோவாகோ போவாஃபோவின் எலுமிச்சை நிற நீச்சலுடை ஓவியம் 2020 பிப்ரவரியில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்தபோது மதிப்பீடு 30 முதல் 50 ஆயிரம் பவுண்டு. போனது 6 லட்சத்து 75 ஆயிரத்துக்கு. கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கேலரியில் அவருடைய புது ஓவியத்தின் விலை இதைவிடப் பல மடங்கு குறைவு. அப்போது ஓவியத்தைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் சுவரில் மாட்ட வருவதில்லை. கேலரியில் வாங்கி மறுவருடம் ஏலத்தில் தள்ளத்தான் வருகிறார்கள். ஒரு சமயத்தில் ஒரே கலைஞரின் ஐந்தாறு ஓவியங்கள் ஒரே பருவத்தில் ஏலத்துக்கு வரும். கடைசி இரண்டு விற்காமல் திரும்பும். அது விலைத் தரவுத்தளங்களில் நிரந்தரமாக ஏறிவிடும். 2013, 2014ல் பரபரப்பாக விற்ற இளம் அரூப ஓவியர்கள் பலருக்கு நடந்தது இதுவே. லட்சக்கணக்கில் போன கேன்வாஸ்கள் சில வருடங்களில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட ஆள் இல்லாமல் நின்றன. கலைஞருக்கு ஏற்றத்தில் பங்கு கிடைக்கவில்லை, இறக்கம் மட்டும் முழுதாக அவர் தலையில் விழுந்தது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் கொடுமையாகப் படுவது இதுதான்.

இதைத் தடுக்க கேலரிகள் மூன்று வழிகளைக் கையாள்கின்றன. மூன்று அல்லது ஐந்து வருடம் விற்கக் கூடாது, விற்பதானால் முதலில் எங்களிடமே கேட்க வேண்டும் என்று விற்பனைச் சீட்டில் எழுதுவது ஒன்று. இரண்டு ஓவியம் வாங்கினால்தான் கிடைக்கும், அதில் ஒன்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இன்னொன்று. மூன்றாவது காத்திருப்போர் பட்டியல்: முதலில் வந்தவருக்கல்ல, விற்காமல் வைத்திருப்பார் என்று நம்பப்படுபவருக்கே ஓவியம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது திமிராகத் தெரியும். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இது இல்லாவிட்டால் கலைஞரின் விலை மூன்று வருடம்கூடத் தாங்காது.

கேலரியைத் தாண்டிப் போனவர் என்றதும் எல்லோரும் சொல்வது ஹர்ஸ்ட். 2008 செப்டம்பர் 15, 16 தேதிகளில் லண்டன் சோத்பீஸ் ஏலக்கூடத்தில், ஸ்டூடியோவிலிருந்து நேராக 223 படைப்புகளை ஏலத்துக்கு அனுப்பினார். அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானதும் அந்த முதல் நாளில்தான். மொத்தம் 11 கோடியே 10 லட்சம் பவுண்டு வந்தது. ஃபார்மால்டிஹைடில் நிறுத்திய, தங்கக் கொம்பு வைத்த கன்று மட்டும் 1 கோடியே 3 லட்சம். கேலரிக்குப் பாதி போகவில்லை. இது முதல் விற்பனை என்பதால் சுத்தியல் விலை அவருடையது. கலைஞர் ஒருவர் ஏலக்கூடத்தில் நேரடியாகப் பணம் பார்த்த மிகப் பெரிய சம்பவம் இதுதான் எனலாம். ஆனால் வருடக்கணக்கில் மெல்ல விட வேண்டிய சரக்கை இரண்டே நாளில் இறக்கினால், அடுத்து வாங்க யார் மிச்சம்? அவருடைய ஏல விலைகள் அதற்குப் பின் வெகுவாகச் சரிந்தன. ஹர்ஸ்ட் தப்பித்துக்கொண்டார், அன்று வாங்கியவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள். அவருடைய வைர மண்டையோடும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது. 8,601 வைரங்கள். 2007ல் 5 கோடி பவுண்டுக்கு ஒரு கூட்டமைப்பு வாங்கியதாக அறிவித்தார்கள், அந்தக் கூட்டமைப்பில் ஹர்ஸ்டும் ஒருவர். 2022ல், அது விற்கவே இல்லை என்று அவரே சொன்னார். அறிவிக்கப்பட்ட விலையைக் கைக்கு வந்த பணமாக எடுத்துக்கொள்பவர்கள் இந்த ஒன்றைப் பார்த்தால் போதும்.

பெரிய பணம் உற்பத்தியில் எப்படி முடங்கும் என்பதற்கு கூன்ஸே உதாரணம். 1994ல் தொடங்கிய ‘கொண்டாட்டம்’ வரிசையின் பலூன் நாயும் மற்றவையும் எஃகில், ஒரு கீறல்கூட இல்லாத மெருகோடு வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மூன்று வணிகர்கள் சேர்ந்து, செய்யாத சிற்பங்களை முன்கூட்டியே விற்று அந்தப் பணத்தில் செலவை ஓட்டினார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டிக்கொண்டே போனது, வருடங்கள் ஓடின, எல்லோரும் திவால் விளிம்புக்குப் போனார்கள். முன்பணம் வாங்கிச் செய்யும் தொழிலின் ஆபத்து இதுதான்: விலை முதலிலேயே உறுதியாகிவிடும், செலவு உறுதியாகாது. 2018லும் அவருடைய சிற்பங்களுக்குப் பல லட்சம் டாலர் முன்பணம் கட்டிய சேகரிப்பாளர்கள், சொன்ன தேதியில் வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள்.

எடிஷன், அதாவது ஒரே படைப்பை எண் போட்ட சில பிரதிகளாகச் செய்வது, இந்தச் செலவைப் பங்கு போடும் வழி. அச்சு ஒருமுறை செய்தால் போதும், வார்ப்பு மட்டும் திரும்பத் திரும்ப. எத்தனை வரை போகலாம் என்பதில் வரிச் சட்டமும் தலையிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரி விதிகளில் சிற்பம் 8 பிரதி வரையும், கையெழுத்திட்டு எண் போட்ட புகைப்படம் 30 பிரதி வரையும்தான் கலைப் படைப்பு. எண் போட்ட பிரதிகளைத் தவிர, கலைஞர் பிரதி என்று ஒன்றிரண்டு எடுத்து வைப்பது வழக்கம். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 2019ல் மயாமியில் சுவரில் ஒட்டிய வாழைப்பழத்திலும் மூன்று எடிஷன், இரண்டு கலைஞர் பிரதி. முதல் இரண்டு தலா 1,20,000 டாலர், மூன்றாவது 1,50,000. எடிஷன் தீரத் தீர விலை ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வாங்கியவருக்குக் கிடைத்தது சான்றிதழும், எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும். 2024 நவம்பரில் ஒன்று மறுவிற்பனையில் 62 லட்சம் டாலருக்குப் போனது. சான்றிதழ் தொலைந்தால் கையில் இருப்பது வெறும் பழம், வெறும் டேப். எடிஷன் எண்களை யாருக்கு எது என்று குறித்து வைக்காமல், ஐந்து என்று சொல்லிவிட்டு ஆறாவதை வார்க்க நேர்ந்த சிற்பியின் சந்தை ஒரு நாளில் முடிந்துவிடும்.

செல்வத்தின் பெரும்பகுதி விற்காத சரக்கில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிரண்டை, அதுவும் நல்லவற்றை, கலைஞர் தனக்கென்று வைத்துக்கொண்டால், முப்பது வருடத்தில் விலை நூறு மடங்கானால் அந்த நூறு மடங்கு அவருடையது. மறுவிற்பனைச் சட்டம் தரும் 12,500 யூரோவைவிட இது எவ்வளவோ மேல். வறுமையில் இருக்கும் இளம் கலைஞரிடம் ‘விற்காதே’ என்று சொல்வது கடினம்தான். ஆனால் பன்னிரண்டில் ஒன்றையாவது வைக்கலாம்.

இதில் வரி ஒரு வினோதமான பொறி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1969க்குப் பிறகு, சேகரிப்பாளர் ஓர் ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் சந்தை விலை முழுவதற்கும் வரிக் கழிவு கேட்கலாம். அதே ஓவியத்தை வரைந்தவர் கொடுத்தால் கேன்வாஸ், வண்ணத்தின் விலைக்கு மட்டும்தான் கழிவு. ஆனால் அவர் இறந்த மறுநாள், வாரிசுகளிடம் வரி கேட்கும்போது அதே ஓவியங்களை முழுச் சந்தை விலையில் மதிப்பிடுவார்கள். சிற்பி டேவிட் ஸ்மித் 1965ல் இறந்தபோது 425 சிற்பங்கள் விற்காமல் இருந்தன. வாரிசுத் தரப்பு சொன்ன மதிப்பு 7 லட்சம் டாலர் சொச்சம், வரித்துறை சொன்னது 42 லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்தையில் கொட்டினால் இந்த விலை கிடைக்குமா என்ற வாதத்தை ஏற்று, 1972ல் நீதிமன்றம் 27 லட்சம் என்று தீர்த்தது. மொத்தச் சரக்குக்கான இந்தக் கழிவு இன்றுவரை கலைஞர் குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. அதைக் கேட்க முழுமையான இருப்புப் பட்டியல் வேண்டும்.

பதிப்புரிமையை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ராபர்ட் இண்டியானாவைக் கேட்டால் தெரிந்திருக்கும். நான்கு எழுத்தை இரண்டு வரியில் அடுக்கிய அவருடைய ‘லவ்’ உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட வடிவங்களில் ஒன்று. அன்றைய சட்டப்படி போட வேண்டிய பதிப்புரிமைக் குறியைப் போடாமல் அது வெளியானது, பொதுச் சொத்தாகிப் போனது. 1973ல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலை 33 கோடி அச்சானது, அவருக்கு வந்தது ஆயிரம் டாலர். இன்னொரு பக்கம் முரகாமி, காய்காய் கிகி என்ற தன் நிறுவனத்தின் வழியாகவே எல்லா உரிமைகளையும் நடத்துகிறார். 2003ல் லூயி வுய்ட்டான் கைப்பைகளில் தொடங்கிய கூட்டு பல வருடம் நீடித்தது. அவரும் அசைக்க முடியாதவர் இல்லை. பெருந்தொற்று வந்த 2020ல், நிறுவனம் திவால் விளிம்பில் இருக்கிறது என்று அவரே அறிவித்துத் திரைப்பட வேலையை நிறுத்தினார். ஆள் பலமும் வாடகையும் பெருத்த ஸ்டூடியோவுக்கு விற்பனை சில மாதம் நின்றாலே போதும்.

பீப்பிள் என்ற டிஜிட்டல் கலைஞரின் விஷயமும் முதல் விற்பனைதான். 2021 மார்ச்சில் அவருடைய என்எஃப்டி, அதாவது உரிமையை இணையப் பதிவேட்டில் குறித்த டிஜிட்டல் படைப்பு, 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது, சுத்தியல் விலை 6 கோடியே இரண்டரை லட்சம். அவர் செய்த புத்திசாலித்தனம், விலையாகக் கிடைத்த ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை உடனடியாக டாலராக மாற்றியது. மறுவிற்பனையில் தானாக 10 சதவீதம் வரும் என்று நம்பி அந்தச் சந்தைக்குள் வந்த மற்றவர்களுக்கு, 2023ல் ஓப்பன்சீ என்ற விற்பனைத் தளம் இந்த ராயல்டியைக் கட்டாயமாக வசூலிப்பதை நிறுத்தியதும் அந்த வரவு அநேகமாக வற்றிவிட்டது.

கடைசியில் உயில். ஓவியர் மார்க் ராத்கோ 1970 பிப்ரவரியில் இறந்தார், கிட்டத்தட்ட 800 ஓவியங்களை விட்டுவிட்டு. மூன்று மாதத்துக்குள், உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த மூவர், நூறு ஓவியங்களை மார்ல்பரோ கேலரிக்கு 18 லட்சம் டாலருக்கு, அதுவும் 12 வருடத் தவணையில், வட்டி இல்லாமல் விற்றார்கள். மீதியை 50 சதவீதக் கமிஷனில் அதே கேலரியிடம் ஒப்படைத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் மார்ல்பரோவின் இயக்குநர், இன்னொருவர் அதே கேலரியில் இடம் பிடிக்கக் காத்திருந்த ஓவியர். மகள் கேட் ராத்கோ வழக்குத் தொடுத்து, 1975ல் ஒப்பந்தம் ரத்தாகி, 90 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும் அபராதமும் விதிக்கப்பட்டது. அதனால் படைப்பை விற்கும் கேலரியில் சம்பளமோ பங்கோ பெறும் எவரையும் உயிலை நிறைவேற்றுபவராகப் போடக் கூடாது. வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை படைப்பு விற்கலாம், எவை விற்பனைக்கே இல்லை என்பதை உயிலிலேயே எழுத வேண்டும். பதிப்புரிமை யாருக்கு என்பதைப் படைப்புகளிலிருந்து தனியாகப் பிரித்து எழுத வேண்டும். இருப்புப் பட்டியலின் ஒரு நகல் ஸ்டூடியோவிலும் இல்லாமல் கேலரியிலும் இல்லாமல் வழக்கறிஞரிடம் இருக்க வேண்டும், எது யாரிடம் கன்சைன்மென்டில் போயிருக்கிறது என்ற பத்தியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்திக் கொடுக்க வேண்டும்.